அடிமைக் கதையில் பாட்டி ஆவியாக வந்தால் வரலாறு கெட்டுவிடுமா?

மாடிப்படி:
மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டு உய்தா துறைமுகத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். கப்பலேற்றும் முன் அடிமைகளை ‘மறதி மரத்தை’ச் சுற்றவைத்தார்கள் என்பது அந்த ஊர் வழக்கு. ஆண்கள் 9 சுற்று, பெண்கள் 7. ஊரும் பேரும் மறந்துபோகுமாம். என் நாயகி கூட்ட நெரிசலில் 6 சுற்றோடு தப்பிவிடுகிறாள். அதனால் செத்துப்போன பாட்டி கப்பலிலும் கூடவே வந்து, சங்கிலி உரசிய கணுக்காலைத் தடவிக் கொடுக்கிறாள். தம்பி படித்துவிட்டு, “என்னக்கா, பேய்ப்படமா?” என்கிறான். பாட்டியை வெட்டிவிடவா?

கரிசல்:
வெட்டாதீங்க! அந்த ஊர் மக்களின் பாரம்பரிய சமயமான வோடுன் வழிபாட்டில் முன்னோர் வீட்டு ஆட்கள் மாதிரி. உங்கள் நாயகி பயப்படமாட்டாள், பேசுவாள். பாட்டி வரும்போது விளக்கு அணைவது, நாய் ஊளையிடுவது மட்டும் வேண்டாம். அப்புறம், அதே ஊரில் ‘திரும்பும் மரம்’ என்று ஒன்றும் சொல்கிறார்கள். 3 முறை சுற்றினால் இறந்தபின் உயிர் ஊர் திரும்புமாம். அதை விட்டுவிட்டீர்களே?

தூண்டில்:
1803இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து செயின்ட் சைமன்ஸ் தீவில் இறங்கிய, மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ இன மக்கள் அடிமையாக மறுத்து ஓடைக்குள் நடந்து மூழ்கினார்கள். அவர்கள் பறந்து ஆப்பிரிக்கா போய்விட்டதாகத்தான் அங்குள்ள கறுப்பின மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

மாடிப்படி:
திரும்பும் மரம் தெரியாது, கரிசல். சரி, 4ஆம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதணும்.