ஆயா வீடு (குடும்பக் குழு): மழைத் தண்ணீர்ப் பஞ்சாயத்து

*சனிக்கிழமை*

கோமதி அத்தை, காலை 6:40
திருப்பாதிரிப்புலியூரில் ராத்திரி 2 மணிக்குப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மாடிக் குழாய்க்குக் கீழே அண்டா, தவலை, பக்கெட் எல்லாம் வைத்துப் பிடித்துவிட்டேன். அதில்தான் பருப்பு போட்டேன். இரண்டே விசில், வெண்ணெயாய்க் குழைந்துவிட்டது. போர் தண்ணீரில் ஐந்து விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு கிடக்கும்.

மணி மாமா, 6:52
எங்கள் முதுநகர் போர் தண்ணீரில் பருப்பு வேகாது அக்கா. ஆனால் உப்புச் செலவு மிச்சம் 😂

கோமதி அத்தை, 6:55
குடிக்கவும் ஒரு குடம் எடுத்து வைத்திருக்கிறேன். என்ன ருசி! இனிமேல் கேன்காரரை வரவேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.

பாபு, 7:03
அத்தை, கொதிக்க வைத்தீர்களா?

கோமதி அத்தை, 7:04
வானத்திலிருந்து வருவதை எதற்குடா கொதிக்க வைக்கணும்?

பாபு, 7:06
மாடியில் விழுகிற வரைக்கும்தான் அது வானத்துத் தண்ணீர். அப்புறம் மாடித் தண்ணீர். உங்கள் மாடியில் எத்தனை புறா?

மணி மாமா, 7:07
எண்ணி முடியாது. பொங்கலுக்கு வந்தபோது என் வெள்ளைச் சட்டையில் ஒன்று கையெழுத்துப் போட்டது.

கோமதி அத்தை, 7:15
தானே புயல் மறந்துவிட்டதா உங்களுக்கெல்லாம்? 2011 டிசம்பர் 30. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீரில்தான் இந்த வீடே பிழைத்தது. அதைக் குடித்து வளர்ந்தவன் நீ.

வசந்தி சித்தி, 7:31
அக்கா, அந்த வாரம் பாபுவுக்கு வயிற்றுப்போக்கு. நெல்லிக்குப்பத்திலிருந்து நான்தான் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோமதி அத்தை, 7:32
அது இவன் தின்ற முறுக்கால் வந்தது.

வசந்தி சித்தி, 7:40
முறுக்கை விடுங்கள். முப்பது வருடம் கிராமம் கிராமமாகக் கிணற்றுக்கு மருந்து போட்டவள் சொல்கிறேன். மழைத் தண்ணீரில் உப்பு இல்லை, கடினம் இல்லை, அதனால்தான் பருப்பு குழைகிறது. ஆனால் தெளிவாக இருப்பதும் சுத்தமாக இருப்பதும் ஒன்றில்லை. புறா எச்சம், பூனை, எலி மூத்திரம், செத்த பல்லி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருவது முதலில் வரும் தண்ணீர். அதை விட்டுவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தூறலாக இருந்தால் பத்து நிமிடத்தில் மாடி நனையக்கூட நனையாது.

பாபு, 7:52
கணக்கு சுலபம். 1000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 90 லிட்டர் வரும். அவ்வளவாவது வெளியே போகணும். இங்கே லாஸ்பேட்டை வீட்டில் பிளம்பர் அதற்கென்று 4 அங்குலக் குழாயில் மூன்றடித் துண்டு ஒன்றை மூடி போட்டுத் தொங்கவிட்டுப் போனார். அதில் பிடிப்பது 7, 8 லிட்டர்தான். அழகுக்குத் தொங்குகிறது. இப்போது 200 லிட்டர் நீல டிரம் வைத்து, அது பாதி நிறைந்த பிறகுதான் குழாயைத் தொட்டிக்குத் திருப்புகிறேன்.

மணி மாமா, 7:58
2003இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்களே, அப்போது போட்ட குழாய் எங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது. உள்ளே அணில் குடும்பம் நடத்துகிறது.

பாபு, 8:01
அது நிலத்துக்குள் விடத்தானே மாமா. மண் கொஞ்சம் வடிகட்டும். அத்தை நேரே வாயில் ஊற்றிக்கொள்கிறார்.

கோமதி அத்தை, 8:20
📷 குடத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் கருப்பாய் வண்டல், முருங்கை இலை இரண்டு, ஒரு இறகு. சரி, ஒத்துக்கொள்கிறேன். படிகாரம் போட்டுத் தெளிய வைக்கட்டுமா? தேற்றாங்கொட்டையும் இருக்கிறது.

வசந்தி சித்தி, 8:26
கலங்கல் அடியில் படியும். கிருமி சாகாது. தெளிந்ததை நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடியே ஆறட்டும். குடத்துக்குள் கையை விட்டு மொள்ளாதீர்கள், கைப்பிடி உள்ள செம்பு போடுங்கள்.

கோமதி அத்தை, 8:29
தொட்டி முழுக்க எப்படிக் கொதிக்க வைப்பது? பிளீச்சிங் பவுடர் ஒரு கை அள்ளிப் போட்டுவிடுகிறேன்.

மணி மாமா, 8:30
ஐயோ அக்கா வேண்டாம். போன வருடம் வெள்ளம் வடிந்ததும் அப்படிப் போட்டு, என் நீலக் கைலி வெள்ளையாகிவிட்டது. கண் இரண்டு நாள் எரிந்தது.

வசந்தி சித்தி, 8:41
1000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் போதும். சுமார் அரை டீஸ்பூன். ஒரு கை என்றால் நீச்சல் குளம். பக்கெட்டில் கரைத்து, பவுடரில் இருக்கிற சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். அரை மணி நேரம் தொடக்கூடாது. லேசாக மருந்து வாசனை வரணும். கலங்கல் தண்ணீரில் ஊற்றினால் மருந்தை அழுக்கே தின்றுவிடும். திறந்து வைத்த பழைய பவுடருக்கும் வீரியம் இருக்காது.

தேவி, 9:10
சித்தி, முத்தியால்பேட்டையில் நான் ஒரு டிரம் பிடித்து ஒன்பது நாள் ஆகிறது. இப்போது எட்டிப் பார்த்தால் தலைகீழாகப் புழு நெளிகிறது. பாப்பாவைக் குளிப்பாட்ட வைத்திருந்தேன்.

வசந்தி சித்தி, 9:12
இப்போதே கொட்டு, மண்ணில். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். டெங்கு கொசு சுத்தமான தண்ணீரைத்தான் தேடி வரும். கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவு. இனி வாய்க்குக் கொசுவலை கட்டு. பாப்பாவுக்குக் குடிக்கக் கொதித்து ஆறியது மட்டும்.

மணி மாமா, 9:20
எங்கள் பக்கம் ஆலை வாடை அடிக்கும் நாளில் பிடித்த தண்ணீர்? அதையும் கொதிக்க வைத்தால் சரியாகுமா?

பாபு, 9:23
ஆகாது மாமா. கிருமி போகும், ரசாயனம் போகாது. பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும் குடிக்க வேண்டாம்.

வசந்தி சித்தி, 11:05
அக்கா, மழை விட்டதும் பஸ் ஏறி வருகிறேன். என்னிடம் பரிசோதனைக் குப்பி ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்கள் குடத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் ஊற்றி வைப்போம். கருத்தால் கழிவுக் கிருமி இருக்கிறது என்று அர்த்தம்.

*ஞாயிற்றுக்கிழமை*

கோமதி அத்தை, மாலை 5:48
📷

பாபு, 5:49
காப்பி டிகாக்‌ஷனா அத்தை?

கோமதி அத்தை, 5:50
குப்பிடா. நேற்று மத்தியானம் ஊற்றியது. காலையில் கடுகுக் கருப்பு, இப்போது மை.

மணி மாமா, 5:52
கேன்காரருக்குப் போன் போட்டாச்சா?

கோமதி அத்தை, 5:53
போட்டாச்சு.

*செவ்வாய்க்கிழமை*

கோமதி அத்தை, காலை 7:15
📷 ஆயா செய்வதுபோல மாடியில் நாலு கம்பு நட்டு வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறேன். நடுவில் கழுவிய கூழாங்கல், அதற்கு நேர்கீழே குடம். மாடியைத் தொடாமல் வருகிறது பார்.

மணி மாமா, 7:18
வேட்டி யாருடையது?

கோமதி அத்தை, 7:19
நீ பொங்கலுக்கு விட்டுப்போனது. வெந்நீரில் அலசிவிட்டேன்.

வசந்தி சித்தி, 7:24
இது தேவலை அக்கா. ஆனால் வேட்டி மேலும் புறா பறக்கும். குடிக்கிறது என்றால் கொதிக்க வைத்துத்தான்.

கோமதி அத்தை, 7:26
குடிக்க யார் கேட்டார்கள்? பருப்புக்கு வேண்டும். அது எப்படியும் கொதிக்கத்தானே போகிறது.

கோமதி அத்தை, 8:02
மழை நின்றுவிட்டது. கால் குடம்கூட இல்லை.