சென்னையில் அவசரத்துக்குத் தங்க இடம்: முகாம்களிலும் காப்பகங்களிலும் தங்கியவர்களின் அனுபவப் பகிர்வு

ஜாபர்கான்பேட்டையிலிருந்து ஒருவர்:

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டு அடையாறு கரைமீறியபோது, எங்கள் தெருவில் முழங்காலளவு நின்ற தண்ணீர் இடுப்புக்கு ஏற அதிக நேரம் ஆகவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் மேலே ஏறிக்கொண்டார்கள். ஓட்டு வீட்டில் குடியிருந்த எங்களுக்கு அந்த வழி இல்லை. மாநகராட்சிப் பள்ளியை நிவாரண முகாமாகத் திறந்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்களே தவிர, எந்தப் பள்ளி, சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அம்மாதான் பள்ளிக் காவலாளியின் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கதவைத் திறக்க வைத்தார்.

முகாமில் சோற்றுக்குக் குறைவில்லை. சாம்பார் சாதப் பொட்டலமும் பிரெட்டும் அக்கம்பக்கத்து இளைஞர்கள் மூலம் வந்துகொண்டே இருந்தன. பெரிய பாடாக இருந்தது கழிப்பறைதான். மின்சாரம் நின்றுவிட்டதால் மோட்டார் ஓடவில்லை. மேல்நிலைத் தொட்டியில் இருந்த தண்ணீர் விடிவதற்குள் தீர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்காகக் கட்டிய தாழ்வான கழிப்பறைகளில் மூட்டுவலிக்காரரான என் மாமியார் உட்கார்ந்து எழ முடியாமல் தவித்தார். பெண்கள் கூடிப் பேசி, மொட்டை மாடிக் குழாயிலிருந்து கொட்டும் மழைநீரை வாளிகளிலும் சத்துணவுக் கூடத்துப் பெரிய அண்டாவிலும் பிடித்து வைத்துச் சமாளித்தோம். முகாமுக்குப் போகிறவர்கள் மாற்றுத்துணிக்கு முன்னால் ஒரு வாளியையும் குவளையையும், மாதவிடாய்க்கான துணி அல்லது நாப்கினையும் எடுத்து வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

குடும்ப அட்டையை விட்டுவிட்டு வர மனமில்லாமல் தண்ணீருக்குள் திரும்பிப் போனவர்களையும் அன்று பார்த்தேன். நிவாரணத் தொகை அந்த அட்டையை வைத்தே வழங்கப்படும் என்ற அச்சம் அவர்களுக்கு. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின்னர் 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகள் வழியாகவே தரப்பட்டதை நினைத்தால் அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஐப்பசி பிறந்ததுமே அட்டைகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவருகே ஆணியில் மாட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

முடிச்சூரிலிருந்து ஒருவர்:

மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் கைப்பேசிச் சிக்னலே இல்லை. உதவி எண்களுக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பயன்படவில்லை. எந்தப் பள்ளி, எந்தச் சமூக நலக்கூடம், எந்தக் கல்யாண மண்டபம் முகாமாகும் என்பதை மழைக்கு முன்பே நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெரு தாழ்வானதா என்பதையும் பாருங்கள். முகாமுக்குப் போகும் வழியே மூழ்கிவிட்டால் முகாம் இருந்தும் பயனில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒருவர்:

என்னுடைய அனுபவம் வெள்ளத்தோடு தொடர்புடையதன்று. அப்பாவைத் தலைக்காயத்தோடு சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். வார்டுக்குள் ஒருவருக்குத்தான் பாஸ். அம்மா உள்ளே இருக்க, நானும் தம்பியும் வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்தோம். இரவுச் சுற்றுக்கு வந்த காவலர்கள் எழுப்பி வெளியே அனுப்பினார்கள். எங்கே போவது என்று கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. பேருந்து நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில் இரவைக் கழித்தோம்.

நோயாளிகளின் உடன் வந்தவர்களுக்காகவே மாநகராட்சியின் காப்பகம் ஒன்று அந்த வளாகத்திலேயே இருக்கிறது என்பதை, வாசலில் டீ விற்கும் பெரியவர் சொல்லித்தான் அறிந்தோம். பிரதான கட்டடத்தில் அதற்கு ஓர் அம்புக்குறிப் பலகைகூட இல்லை. போனதும் பதிவேட்டில் பெயர், ஊர், நோயாளியின் வார்டு எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, பாயும் போர்வையும் கொடுத்தார்கள்; கட்டணம் எதுவும் இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்கள். மின்விசிறி ஓடியது, குளிக்கத் தண்ணீர் இருந்தது, கைப்பேசிக்குச் சார்ஜ் போடும் இடத்தில் மட்டும் எப்போதும் கூட்டம். காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, இரவில் மூன்று ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தி என்று எங்கள் செலவு கையைக் கடிக்காமல் போயிற்று. பக்கத்துப் பாயில் படுத்திருந்த செய்யாறுக்காரர் அறுவைச் சிகிச்சைக்கு ரத்தம் ஏற்பாடு செய்வது எப்படி, காப்பீட்டு அட்டைக்கு எந்த அறைக்குப் போவது என்றெல்லாம் சொல்லித் தந்தார். அங்கே தங்கியிருக்காவிட்டால் அந்த விவரங்கள் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பகலிலேயே இதை விசாரித்துவிடுங்கள். இருட்டிய பிறகு போனால் இடம் நிரம்பியிருக்கும்.

பாரிமுனைப் பகுதியில் தன்னார்வலராக இருப்பவர்:

மேலே எழுதியவர்கள் சொன்னவை இரு வேறு ஏற்பாடுகள் என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். நிவாரண முகாம் மழைக்காகத் திறந்து, தண்ணீர் வடிந்ததும் மூடப்படுவது. மருத்துவமனை வளாகத்தில் உள்ளதைப் போன்ற மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டியது. டெல்லியில் 2009-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் ஓர் இரவுத் தங்குமிடம் இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றம் 2010-இல் இதில் தலையிட்டது. அதன் பிறகுதான் பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் இயங்குவதாக, இருக்க வேண்டும் என்ற நெறி நாடு முழுவதற்கும் வந்தது. 200 வார்டுகளாக விரிந்துள்ள சென்னையின் மக்கள்தொகைக்கு அந்தக் கணக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் வேண்டும்.

நடைபாதையில் உறங்குபவர்களைக் காப்பகத்துக்கு அழைத்தால் பலர் வர மறுப்பார்கள். "அவங்களுக்கு ரோடே பழகிப்போச்சு" என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பிராட்வே பக்கம் தலைமுறைகளாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். காப்பகங்களோ பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று எனப் பிரிக்கப்பட்டவை. கணவனை ஓரிடத்திலும் வளர்ந்த மகனை வேறோரிடத்திலும் விட்டுவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டுவிட்டு, விடியற்காலையில் பூ வாங்கப் போக வேண்டிய ஒரு தாய் எப்படி வருவார்? குடும்பமாகத் தங்கும் காப்பகங்களைக் கூட்டாமல் இதற்குத் தீர்வு வராது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு முறை, மேம்பாலத்தின் கீழ் காய்ச்சலோடு கிடந்த முதியவரை அழைத்துப்போனபோது, வாசலில் ஆதார் அட்டை கேட்டார்கள். அடையாள ஆவணம் இல்லாதவருக்கு அதைப் பெற்றுத்தர உதவுவதே காப்பகத்தின் பணிகளில் ஒன்று என்று இத்தகைய காப்பகங்களுக்கான மத்திய அரசுத் திட்டமாக இருந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலில் இருந்ததை எடுத்துச் சொன்னேன். பொறுப்பாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உள்ள வாங்க ஐயா, மொதல்ல கஞ்சி குடிங்க" என்று அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனார். பல இடங்களில் பொறுப்பாளர்கள் குறைந்த சம்பளத்தில் இரவு பகலாக உழைக்கிறார்கள். அவர்களிடம் சண்டைக்கு நிற்காமல் விதியை நினைவூட்டினாலே பெரும்பாலும் கதவு திறக்கும்.

வீட்டில் அடி தாங்காமல் இரவில் வெளியேறும் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள்வரை தங்க முடியும். தனியாக இருக்கும் குழந்தையைக் கண்டால் 1098. தெருவில் ஆதரவற்றுக் கிடப்பவருக்காக மாநகராட்சியின் 1913-ஐ அழைக்கலாம். சென்னைக் காவல்துறையின் காவல் கரங்கள் குழுவும் இந்தப் பணியைச் செய்கிறது. அழைக்கும்போது கடைப் பெயர், தூண் எண் போன்ற அடையாளத்தைச் சொல்லி, வண்டி வரும்வரை முடிந்தால் அருகிலேயே இருங்கள், ஏனென்றால் பலர் வண்டியைக் கண்டதும் பயந்து எழுந்து போய்விடுகிறார்கள்.

உங்கள் வார்டில் காப்பகம் இருந்தால், அது யாருக்கானது, எந்தத் தெருவில், எந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் என்று அடுத்து எழுதுபவர்கள் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.