தாத்தாவின் போர்ப் பதக்கங்கள்: ரிப்பன் பிரிகிறது, யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் மூன்றைக் கண்ணாடிப் பெட்டிச் சட்டத்தில் வைக்க வேண்டும். பார்ப்பவருக்கு இடமிருந்து வலமாக 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல். ஓக் மரச் சட்டம் கிடையாது, அதன் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். கம்பளித் துணியில் கந்தகம், அதுவும் கூடாது. பின்னட்டை அமிலமற்றது. பாலீஷ் பேச்சே வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்.

சிக்கல் பர்மா ஸ்டார் ரிப்பனில். 32 மி.மீ. அகலம்; வளையத்தில் மடியும் இடம் நூல் நூலாகப் பிரிகிறது, ஸ்டாரின் எடையை இனித் தாங்காது. பின்னால் பருத்தி நாடா வைத்துத் தைக்கலாமா? இல்லை, புது ரிப்பன் மாட்டிப் பழையதைப் பக்கத்தில் தட்டையாக வைப்பதா? பசை தொடாமல் ஸ்டாரை அட்டையில் நிறுத்த எந்த நூல், எத்தனை கட்டு? செய்து பார்த்தவர்கள் பின்பக்கப் படமும் போட்டால் நல்லது.