புதுப்பிப்பு: முகம் கோணினால் நெற்றியை ஏன் பார்க்கிறார்கள்?

12 மூளை நரம்புகளைச் சோதிக்கும் முறை பற்றிய என் இழையில் பலரும் கேட்டது இந்த நெற்றி விஷயம்தான். சரி, சேர்த்துவிடுகிறேன்.

புருவத்தை உயர்த்தச் சொல்வார்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை வருவதால், பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றியில் சுருக்கம் பெரும்பாலும் விழும். முகத் தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பே அடிபட்டால் அந்தப் பக்கம் வழுவழுவென்று கிடக்கும். கண்ணை மூடச் சொன்னால் இமை சேராது, கருவிழி மேலே உருண்டு வெள்ளை தெரியும். மூளைத்தண்டில் வரும் பக்கவாதம் நெற்றியையும் பிடிக்கலாம் என்பதால், திடீரென்று முகம் கோணினால் வீட்டிலேயே சோதித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அப்புறம், மோப்பத்துக்கான முதல் நரம்பைச் சோதிக்க அமோனியா வேண்டாம். அந்த நெடி, முகத்தின் தொடு உணர்வுக்கான ஐந்தாவது நரம்பைத் தூண்டி, மோப்பமே இல்லாதவரையும் முகம் சுளிக்க வைத்துவிடும். காபித்தூள் போதும்.