புதுப்பிப்பு: ஒரு வருடம் ஊரில் இருந்துவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பியாச்சு

போன வருடம் ஜூனில், அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் மனைவியையும் மகளையும் சென்னையில் விட்டுவிட்டு மன்னார்குடி பக்கம் எங்கள் ஊருக்கு வயலைப் பார்க்கப் போகிறேன், ஒரு வருடம் தாக்குப்பிடிப்பேனா என்று கேட்டிருந்தேன். தாக்குப்பிடித்துவிட்டேன். அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார், வயலைச் சித்தப்பா மகன் குத்தகைக்கு எடுத்துக்கொண்டான்.

சம்பாவுக்கு சி.ஆர். 1009 போட்டோம், 150 நாளுக்கு மேல் ஆகும் ரகம். விளைச்சல் மோசமில்லை. ஆனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று திருப்பிவிட்டார்கள், நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்துவிட்டு ஐந்து ராத்திரி தார்ப்பாய் பக்கத்திலேயே படுத்தேன். சரி, அதை விடுங்கள்.

கஷ்டம் இங்கே வந்த பிறகுதான். மாதம் ஒருமுறை மன்னை எக்ஸ்பிரஸில் வந்துபோனபோது நான் விருந்தாளி, அதனால் தெரியவில்லை. நான் இல்லாமல் வீடு நன்றாகவே ஓடப் பழகியிருக்கிறது. பால் பாக்கெட் எத்தனை, தண்ணீர் கேனுக்கு யார் சொல்வது, எதுவும் எனக்குத் தெரியாது. ஊர்ப் பழக்கத்தில் நாலரைக்கே எழுந்து பாத்திரத்தை உருட்டினால், "ஏங்க, மத்தவங்க தூங்க வேண்டாமா?" என்கிறாள் மனைவி. கணக்கில் சந்தேகம் என்றால் மகள் அம்மாவிடம்தான் போகிறாள்.

நேற்று மட்டும் "அப்பா, அந்தக் கன்னுக்குட்டிக்குப் பேர் வெச்சாச்சா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை, நீயே சொல் என்றேன். இதுவரை பதினொரு பெயர் எழுதி, ஒன்பதை அடித்துவிட்டாள்.