பென்சிலை எடுத்தாலே அழுகுறா, என்ன செய்யலாம்?

வணக்கம், காரைக்குடில இருந்து எழுதுறேன். மகளுக்கு 6 வயசு, ஒண்ணாங்கிளாஸ். இங்கிலீஷ் சின்ன எழுத்துல பி-யையும் (b) டி-யையும் (d) மாத்தி மாத்தி எழுதுறா, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் அவ நோட்டைத் தூக்கிக் காட்டிட்டாங்க போல, அன்னைலேருந்து பென்சிலை எடுத்தாலே கண்ணுல தண்ணி, நேத்து பக்கத்தையே கிழிச்சுட்டு "எனக்கு ஒண்ணுமே வராதும்மா"ன்னு வளவுத் தூணுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கிட்டா, எனக்கு மனசே ஆறல. 7 வயசு வரைக்கும் இப்படித் திருப்பி எழுதுறது நிறைய பிள்ளைகளுக்கு சகஜம்தான், அதனால எழுத்தை விட அந்த பயம்தான் எனக்குக் கவலை.

இத்தனைக்கும் அப்பத்தாகூட உக்காந்து புள்ளிக்கோலம் அவ்வளவு அழகா போடுவா! தப்பானா அழிச்சுட்டு சிரிச்சுக்கிட்டே திரும்பப் போடுறா, அந்த தைரியம் நோட்டுல மட்டும் எங்க போகுதுன்னு தெரியல. கோலமாவுல விரலால எழுத வச்சுப் பார்த்தேன், அழுகை இல்ல, ஆனா நோட்டுக்கு வந்தா பழையபடிதான்.

பிள்ளைக்கு சங்கடம் வராம டீச்சர்கிட்ட எப்படிப் பேசுறது? அழும்போது கூடவே உக்காந்து சமாதானம் சொல்றதா, கொஞ்ச நேரம் தனியா விடுறதா? இதே மாதிரி உங்க வீட்ல பார்த்தவங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்கக்கா, நாளைக்கு டிக்டேஷன் வேற இருக்கு.