போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை) ஆஃபருக்கு வெள்ளிக்குள் பதில் கேட்கிறார்கள், இன்னோர் இடத்தின் முடிவு வரவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி:
வானியலில், வீக் லென்சிங்கில் (தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளி வழியில் ஈர்ப்பால் லேசாக வளைவதை ஆராய்வது) பிஎச்டி செய்கிறேன், ஜூனில் தீசிஸ் சமர்ப்பிப்பேன். ஐரோப்பாவில் ஒரு குழு யூக்லிட் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் வேலை செய்ய இரண்டு வருட ஆஃபர் கொடுத்திருக்கிறது. ஜனவரி இப்போதுதான் பிறந்திருக்கிறது, அதற்குள் அடுத்த வெள்ளிக்கு முன்னால் முடிவு சொல்லச் சொல்கிறார்கள். எனக்கு அதிகம் பிடித்தது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம், சிலியில் இருக்கும் ரூபின் வானாய்வகத்தின் தரவில் மூன்று வருட வேலை, நேர்காணல் முடிந்துவிட்டது, மாதக் கடைசியில்தான் முடிவாம். அவகாசம் கேட்டால் கையில் இருப்பதும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
தயங்காமல் கேளுங்கள், மரியாதையாக அவகாசம் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெற்றவர்களை நான் பார்த்ததில்லை. போஸ்ட்டாக் ஆஃபருக்கு பிப்ரவரி 15க்கு முன் பதில் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அமெரிக்க வானியல் கழகத்தின் கொள்கை. பெரும்பாலான விண்ணப்பக் கெடுக்கள் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகின்றன, எல்லா முடிவுகளையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்க விண்ணப்பிப்பவருக்கு வழி இருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. இது சட்டமல்ல, ஐரோப்பாவில் பல இடங்கள் கடைப்பிடிப்பதும் இல்லை, ஆனாலும் மெயிலில் குறிப்பிடலாம். வெள்ளி வரை விடாமல் இன்றே எழுதுங்கள். அப்புறம், இதைத்தான் பலர் செய்வதில்லை, அமெரிக்கக் குழுவுக்கும் உடனே எழுதுங்கள்: வேறோர் ஆஃபர் வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் இடம்தான் என் முதல் விருப்பம், பட்டியலில் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? நெருக்கடி கொடுப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள், நல்ல ஆளைத் தவறவிட அவர்களுக்கும் விருப்பம் இருக்காது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கூடவே தரவு உரிமையையும் பாருங்கள் தம்பி. ரூபின் தரவு முதலில் அமெரிக்கா, சிலி ஆய்வாளர்களுக்கும் பங்களிப்பு ஒப்பந்தம் உள்ள பிற நாட்டுக் குழுக்களுக்கும்தான், மற்றவர்களுக்கு ஒவ்வொரு வெளியீடும் இரண்டு வருடம் கழித்தே திறக்கும். அதனால் ஐரோப்பா போனால் ரூபினையும் தொட முடியுமா, யூக்லிட் கூட்டமைப்பில் உங்களைச் சேர்ப்பார்களா என்று அந்தக் குழுவிடமே கேளுங்கள். அமெரிக்காவில் மூன்றாவது வருடச் சம்பளம் உறுதியா, நிதி புதுப்பித்தால் மட்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், இரண்டு வருட வேலையில் ஒரு வருடம் முடிந்ததுமே மறுபடி விண்ணப்பம் போட உட்கார வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இரண்டு இடத்துக்கும் எழுதினேன். ஐரோப்பாவில் மாதக் கடைசி வரை நேரம் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் நான் காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவதாம். நம்பிக்கை வைக்கலாமா?

பதில் 1:
வைக்கலாம். முதலில் இருப்பவருக்கு நாலைந்து ஆஃபர் வந்திருக்கலாம், அவர் வேறொன்றை எடுத்ததும் பட்டியல் நகரும். ஆனால் மாதக் கடைசி வரை நகராவிட்டால் ஐரோப்பாவை ஏற்றுக்கொள்ளுங்கள், யூக்லிட் தரவு கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஏற்றுக்கொண்ட அன்றே மற்ற விண்ணப்பங்களை விலக்கிக்கொள்ளுங்கள், அங்கெல்லாம் உங்களுக்குப் பின்னால் யாரோ காத்திருக்கிறார்கள்.